குழு வேலைன்னா ஒருத்தி உழைப்பு, அஞ்சு பேருக்கு மார்க்கு: இத யார்கிட்ட சொல்றது?

பால்மரத்துப்பொண்ணு (திங்கள், இரவு 10:47)

வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன். படிவம் 4. பள்ளிக்கூடம் பேரு சொல்லப் போறதில்ல, யாரும் கேக்காதீங்க.

வரலாறு பாடத்துக்குக் குழு வேலை. தலைப்பு அவசரகாலம், அதான் வெள்ளக்காரன் ஆட்சியில காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்டுங்களோட நடந்த சண்ட. எங்க ஊர்ல இது வெறும் புத்தகப் பாடம் இல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி மூணு வெள்ளக்காரத் தோட்ட அதிகாரிங்கள சுட்டது இங்கதான், எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும். ரெண்டே நாள்ல மலாயா முழுக்க அவசரகாலம்னு அறிவிச்சிட்டாங்க. செகு (வாத்தியாரு) சொன்னாரு, புத்தகத்த அப்படியே காப்பி அடிக்காதீங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டு எழுதுங்கன்னு. அஞ்சு பேரு ஒரு குழு. நான் கெத்துவா (தலைவி). யாரும் ஓட்டெல்லாம் போடல. "நீதானே நல்லா எழுதுவ"ன்னாங்க, முடிஞ்சுபோச்சு.

வாட்ஸ்அப் குரூப்ல வேலைய பிரிச்சுப் போட்டேன். ஒருத்தி கட்டைவிரல் போட்டா. ஒருத்தன் "நோட்டட் போஸ்"ன்னான். இன்னொருத்தன்கிட்ட இருந்து ஒன்னுமே வரல, ரெண்டு நீலக் கோடு மட்டும் விழுந்துச்சு. நாலாவது ஆளு, இவனப் பத்திதான் நான் எழுதவே வந்தேன், "நான் பிரெசன்ட் பண்றேன், எனக்கு பயமே இல்ல"ன்னான். சரி அதுவும் ஒரு வேலைதானேன்னு விட்டேன்.

எங்க லயத்துக் கடைசி வீட்டுல ஒரு தாத்தா இருக்காரு. அவசரகாலத்துல அவருக்கு ஏழெட்டு வயசு. அவங்க அம்மா பால் வெட்டப் போறப்ப கேட்ல தூக்குச் சட்டிய தொறந்து காட்டணுமாம். சோறு வெளிய போனா காட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குப் போயிடும்னு சோதனை. ஒருநாள், முந்தின ராத்திரி மிச்சமான மரவள்ளிக் கிழங்க மடியில கட்டிக்கிட்டுப் போயி மாட்டிக்கிட்டாங்க. "எங்கம்மா கிழங்க தரையில போட்டுட்டு நிமுந்து நடந்து போச்சு, திரும்பியே பாக்கல"ன்னாரு தாத்தா. சொல்றப்பவே வேட்டி மடிய அவுத்துக் காட்டினாரு. அம்மா போன்ல ரெக்கார்ட் பண்ணேன். அந்தப் போன்ல சார்ஜ் ரொம்ப நேரம் நிக்காது, வயர குத்திக்கிட்டேதான் கேட்டேன். சுவத்து ஓரமா உக்காந்து ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி மலாய்ல எழுதினேன். ஸ்லைடும் நான்தான். டவுன்ல கலர் பிரிண்ட்டும் ரிங் பைண்டிங்கும் பதினேழு வெள்ளி (ரிங்கிட்), அதுவும் நான்தான். முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு "நோட்டட் போஸ்" கேக்குறான், "நம்ம தலைப்பு என்ன?"

மறுநாள் வகுப்புல நாலாவது ஆளு முன்னாடி போயி நின்னான். "இது என் தாத்தா எனக்குச் சொன்ன கதை"ன்னு மலாய்ல ஆரம்பிச்சான். என் தாத்தா! கிழங்கு, மடி, கேட்டு, எல்லாத்தயும் அவங்க வீட்டுக் கதையா சொல்லி முடிச்சான். அவன் தாத்தா சித்தியவான்ல மீன் வித்தவரு. இந்த ஊருக்கு அவங்க குடும்பம் வந்ததே ரொம்பப் பின்னாடி. செகு கண்ணாடிய கழட்டித் தொடச்சாரு. "நல்லா சொன்ன"ன்னு அவனப் பாராட்டினாரு. மொத்தக் குழுவுக்கும் டிபி 5 (ஆறுக்கு அஞ்சு மார்க்கு மாதிரி).

எனக்கும் 5தான், கொறயல. அம்மா அதான் சொல்றாங்க, "உனக்கு வந்துருச்சுல்ல, விடு." என்னால விட முடியல. இப்ப போயி செகுகிட்ட சொன்னா கோள்மூட்டினு பேரு வரும். சொல்லலன்னா அடுத்த தடவையும் இதே கதைதான். என்ன செய்யலாம்?

லிந்தாங்காரன் (திங்கள், இரவு 11:02)

மார்க்க எடுத்துக்கிட்டான்னா கூட பரவால்ல லா. தாத்தாவையே எடுத்துக்கிட்டானா!

கிந்தா_குமரன் (திங்கள், இரவு 11:30)

தங்கச்சி, யூனிவர்சிட்டிக்கு வா, இதவிட மோசமா இருக்கும். எங்க குழுவுல ஒருத்தன் செமஸ்டர் முழுக்க வரல. கடைசி நாள்ல வந்து அட்டையில அவன் பேருல ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு சண்ட போட்டான். நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன்: செய்யாதவன் பேர அட்டையில போடறதில்ல. கேட்டா, "நீ எந்தப் பக்கம் எழுதினன்னு காட்டு, போடறேன்"ன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் பேச மாட்டாங்க. போகட்டும். படிச்சு முடிச்சதும் அவங்க யாரு, நாம யாரு.

மூணு_பிள்ளைத்_தாய் (செவ்வாய், காலை 6:15)

குமரா, நீ சொல்றது யூனிவர்சிட்டிக்குச் சரி. தோட்டத்துல அப்படி முடியாதுப்பா. அந்தப் பையனோட அம்மாவ இந்தப் பொண்ணோட அம்மா ஞாயித்துக்கிழம கோயில்ல பாக்கணும், கல்யாணத்துல பக்கத்து இலையில உக்காரணும். பேர வெட்டினா ஊரே பேசும்.

எனக்கு அந்தப் பதினேழு வெள்ளிதான் உறுத்துது. என் மூத்தவளும் இப்படித்தான், "அம்மா பிரிண்ட் பண்ணணும், அம்மா பெரிய மஜோங் தாள் வாங்கணும், அம்மா மார்க்கர் தீந்துருச்சு." அஞ்சு பேரு செய்யற வேலைக்கு எப்பவும் ஒரே வீட்டுப் பர்ஸ்தான் தொறக்குது. பள்ளிக்கூடத்துல இத யாராச்சும் நெனச்சுப் பாக்குறாங்களா?

டீச்சரம்மா (செவ்வாய், மாலை 4:20)

நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. உன் பள்ளி இல்லை, வேறு மாவட்டம். முதலில் மனதைக் கொஞ்சம் ஆற்றிக்கொள். இந்த டிபி என்பது வகுப்பறை மதிப்பீடு. 1 முதல் 6 வரை நிலை தருவோம். எஸ்பிஎம் (படிவம் 5 இறுதித் தேர்வு) வரலாற்றுத் தாளில் நீ தனியாகத்தான் உட்கார்ந்து எழுதப் போகிறாய், அங்கே யாரும் உன் முதுகில் ஏற முடியாது. வரலாற்றில் தேர்ச்சி இல்லாமல் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது என்பதும் உனக்குத் தெரியும். தாத்தாவிடம் கேட்டு எழுதியது உன் மண்டையில் இருக்கிறது, அவன் மண்டையில் இல்லை.

ஆனால் இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வகுப்பறை மதிப்பீட்டின் முழு நோக்கமே ஒவ்வொரு மாணவனும் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பதுதான். ஐந்து பேருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் நான் ஒருவரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஏன் போடுகிறோம்? வகுப்பில் நாற்பது பேர், அப்படி ஐந்தாறு வகுப்பு, இடையில் விளையாட்டுப் போட்டி, கோப்பு வேலை. குழுவுக்கு ஒரு மதிப்பெண் என்றால் எட்டு எண்ணோடு வேலை முடிந்துவிடும். உண்மை இதுதான், என் சகாக்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

மனிதன் கூட்டத்தில் சோம்புவது புதிதில்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களை வைத்துக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுத்திருந்தால் வரக்கூடிய மொத்த பலத்தில் பாதிகூட வரவில்லை. அவர் அதை ஒரே நேரத்தில் இழுக்கத் தெரியாததால் என்று எண்ணினார். 1979இல் லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள். கூட ஆள் இருக்கிறார்கள் என்று நினைத்தாலே ஒவ்வொருவரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அதே குழு பின்னால் செய்த சோதனையில் தெரிந்ததுதான் நமக்குத் தேவை: அவரவர் சத்தம் தனியாகப் பதிவாகிறது என்று தெரிந்தால் கத்துகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மற்றவன் சும்மா இருக்கிறான், தன் முதுகில் ஏறுகிறான் என்று தெரிந்ததும் உழைக்கிறவனும் கையைக் கட்டிக்கொள்வான். அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நீ இன்னும் அங்கே போகவில்லை. போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பழைய_கிராணி (செவ்வாய், இரவு 8:05)

டீச்சர் சொன்ன கயிறுக் கணக்கை நாங்கள் படிக்கவில்லை, ஆனால் கிராணியாக, அதாவது கணக்கராக, தோட்ட ஆபீசில் உட்கார்ந்து நன்றாகவே பார்த்திருக்கிறேன். விடியற்காலைப் பிரட்டில் (ஆட்கள் கூடும் இடத்தில்) பேர் கூப்பிடுவோம். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழுந்தால் சம்பளம். பேர் விழுந்தவனெல்லாம் வேலை செய்தான் என்று எந்தத் துரையும் நம்பியதில்லை. புல்வெட்டுக்கு ஒரு கேங்கை அனுப்பினால் நாலு பேர் வெட்டுவான், ரெண்டு பேர் நிழல் தேடுவான்.

செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) அந்தக் கதை நடக்காது. குலை வெட்டுகிறவன் தண்டில் தன் நம்பரை எழுதி மேடையில் அடுக்க வேண்டும். காயாக வெட்டியிருந்தால், தண்டை நீளமாக விட்டிருந்தால், நம்பரைப் பார்த்து அவன் கணக்கிலேயே பிடிப்போம். சண்டையே வராது. அவன் எழுத்து, அவன் குலை. பிள்ளை, உங்கள் செகு செய்ய வேண்டியதும் இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே எழுதியவன் பேர். முடிந்தது கதை.

லிந்தாங்காரன் (செவ்வாய், இரவு 8:11)

கிராணி ஐயா வந்தாலே கணக்கு நேராயிடும்.

மூணு_பிள்ளைத்_தாய் (செவ்வாய், இரவு 9:40)

நேராகல தம்பி.

கிராணி அண்ணே, உங்க மேல மரியாத உண்டு. எங்க அப்பா பழம் வெட்டினவரு. அவரு கத்திய போட்டு குலைய தள்ளுவாரு. கீழ செதறுற உதிரிய ஒன்னு விடாம பொறுக்கி சாக்குல கட்டுறது எங்கம்மா. மட்டைய இழுத்து அடுக்குறது எங்கம்மா. பள்ளி லீவுல நானும் என் தம்பியும் கூடப் போவோம், முள்ளு குத்தின அடையாளம் இன்னும் கையில இருக்கு. தண்டுல யார் நம்பரு? அப்பா நம்பரு. சம்பளச் சீட்டுல யாரு பேரு? அப்பா பேரு. அம்மாவுக்கு சொக்சோ (வேலைக் காப்புறுதி) இல்ல, இபிஎஃப் (சேமநிதி) இல்ல. முட்டி தேஞ்சு இப்ப வீட்டுல உக்காந்திருக்காங்க, ஒரு காசு வராது.

பக்கத்துக்குக் கீழ பேரு எழுதினா எழுதினவன் பேருதான் வரும். தாத்தாவ தேடிப் போயி பேச வச்சது, பிரிண்ட் கடையில நின்னது, இதெல்லாம் எந்தப் பக்கத்துக்குக் கீழ வரும்?

பழைய_கிராணி (செவ்வாய், இரவு 10:15)

நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது, தங்கச்சி. நம்பர் வெட்டுக்காரனுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்டாட்டியின் பேரையும் செக்ரோலில் போடச் சொல்லிக் கேட்ட குடும்பங்கள் உண்டு, போட்ட தோட்டங்களும் உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தானாகப் போடவில்லை.

அப்படியானால் பக்கத்துக்குப் பேர் போதாது. வேலைக்குப் பேர் வேண்டும். யார் தேடிப் போனது, யார் எழுதியது, யார் காசு போட்டது, எல்லாம்.

நல்லதே_நடக்கும் (செவ்வாய், இரவு 11:00)

இதுக்கெல்லாம் போயி இவ்ளோ பேச்சா? வாழ்க்கையில இதெல்லாம் சகஜம். உழைக்கிறவனுக்கு என்னைக்கும் நல்லதே நடக்கும். விட்டுக்கொடுத்துப் போக கத்துக்கணும்.

கிந்தா_குமரன் (செவ்வாய், இரவு 11:04)

அண்ணே, நீங்க எந்தக் குழுவுல இருந்தீங்கன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு.

பேர்_வேணாம் (புதன், அதிகாலை 12:50)

ரெண்டு நாளா படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நான் அந்த நீலக் கோடு மாதிரி ஆளு. பள்ளி முடிச்சு கொஞ்ச வருஷம் ஆச்சு. எங்களப் பத்தி எல்லாரும் பேசுறீங்க, எங்க பக்கத்துல இருந்தும் ஒருத்தன் பேசட்டும்.

தமிழ்ப்பள்ளியில நான் மக்கு இல்ல. கணக்குல வகுப்புலயே முதல் அஞ்சுக்குள்ள வருவேன். மலாய்தான் வராது. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வுல மலாய் போச்சு, பெரலிஹான் வகுப்புல (புகுமுக வகுப்பு) ஒரு வருஷம் இருந்துட்டுதான் படிவம் 1. படிவம் 2ல அறிவியல் பாடத்துக்குக் குழு வேலை. எனக்கு வந்த பாகத்த நான் எழுதினேன். நெசமா எழுதினேன், அகராதி வச்சுக்கிட்டு ரெண்டு பக்கம். கெத்துவா வாங்கிப் பாத்தா, ஒன்னும் சொல்லல, மறுநாள் மொத்தத்தயும் அவளே வேற தாள்ல எழுதிக்கிட்டு வந்தா. "பரவால்ல, நீ தலைப்புக்கு கலர் அடி"ன்னா. கலர் அடிச்சேன். அடுத்த குழுவுலயும் கலர். அதுக்கடுத்ததுல "நீ மஜோங் தாள் வாங்கிட்டு வா." அதுக்கப்புறம் எதுக்கு எழுதணும்? எழுதினாலும் அழிக்கத்தான் போறாங்க. சும்மா இருந்தா "சோம்பேறி"ன்னு மட்டும்தான் சொல்வாங்க, "மலாய் தெரியாதவன்"னு சொல்ல மாட்டாங்க. எனக்கு சோம்பேறி பட்டம் பரவால்லன்னு தோணுச்சு.

இன்னொன்னு. குழு கூடுறது எப்பவும் பள்ளி முடிஞ்சு டவுன்ல, கேஎஃப்சில. எங்க தோட்டத்து வேன் ரெண்டு மணிக்கு கெளம்பிடும். அத விட்டா வீட்டுக்கு வர வழி இல்ல. வேன் அங்கிள் அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டாரு. "நீ ஏன் மீட்டிங் வரல"ன்னு கேப்பாங்க. வேன்னு சொன்னா சிரிப்பாங்க.

தாத்தா கதைய திருடினவனுக்கு நான் வக்காலத்து வாங்கல. அவன் வேற ரகம். வாயில்லாதவன திருடனோட சேத்து ஒரே கணக்குல எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்.

பால்மரத்துப்பொண்ணு (புதன், மாலை 5:35)

அண்ணா, நீங்க எழுதினத வேன்ல வரப்ப படிச்சேன். நானும் அதே ரெண்டு மணி வேன்தான். எனக்கும் கேஎஃப்சி மீட்டிங் கெடையாது. அதனாலதான் எல்லாத்தயும் ராத்திரி போன்ல தனியா செய்ய வேண்டி வந்துச்சு. வேன் உங்கள சும்மா உக்கார வச்சுது, என்னய மொத்தத்தயும் செய்ய வச்சுது. அதனால வேன ஒரு காரணமா நான் முழுசா ஒத்துக்க மாட்டேன், கோச்சுக்காதீங்க.

ஆனா அந்தக் கெத்துவா செஞ்சது அநியாயம். எழுத்து சரியில்லன்னா பக்கத்துல உக்காந்து திருத்தியிருக்கணும். எங்க குழுவுல யாரும் எழுதியே குடுக்கல, அழிக்கறதுக்கு.

பிரெசன்ட் பண்ணவனுக்கு தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) வீடு, வைஃபை இருக்கு, லேப்டாப் இருக்கு. மலாய் என்னவிட நல்லா பேசுவான். அவனுக்கு ஒரு காரணமும் இல்ல.

இன்னைக்கு நீலக் கோட்டுக்காரன்கிட்ட நேரா கேட்டேன். போன் அவனோடது இல்லையாம், அவங்க அண்ணனோடது. குரூப்ல பாத்து நீலக் கோடு போட்டதே அண்ணன்தான்! அண்ணன் தஞ்சோங் மாலிம்ல ஷிப்ட் வேலை, வாரத்துக்கு ஒருக்கா வருவான். அவனுக்கு என்ன வேலை குடுத்தேன்னே அவனுக்குத் தெரியாது. வகுப்புல ரெண்டு மேச தள்ளித்தான் உக்காருறான்.

லிந்தாங்காரன் (புதன், மாலை 5:52)

அண்ணனுக்குத்தான் டிபி 5 குடுக்கணும் போல.

டீச்சரம்மா (புதன், இரவு 9:10)

பேர்_வேணாம் தம்பி எழுதியதை எங்கள் பாடக்குழுக் கூட்டத்தில் வாசிக்கலாம் போலிருக்கிறது. பேர் சொல்லாமல்தான்.

வழி என்று கேட்டால், நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எனக்குப் பலன் தந்தது, எல்லா வகுப்புக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

குழுவை மூன்று பேராகச் சுருக்கினேன். ஐந்து பேரில் ஒளியலாம், மூன்று பேரில் ஒளிய இடம் இல்லை. திருத்த வேண்டிய தாள் கூடியது, அதற்கு ஈடாக ஒவ்வொரு தாளும் நாலு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றேன். குழு வேலைக்கு வகுப்பு நேரத்திலேயே இரண்டு பாட வேளை ஒதுக்கினேன். வேன் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்தது, யார் பேனா பிடிக்கிறார்கள் என்று என் கண்ணாலேயே பார்த்துவிடலாம். படைக்கும் நாளில்தான் யார் பேசுவது என்று சீட்டுக் குலுக்குவேன். இது ஒன்றே பாதி நோயைக் குணமாக்கியது. தன் பெயர் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், படிக்காதவனும் முந்தின நாள் குழுவிடம் வந்து "இது என்ன, அது என்ன" என்று கேட்க ஆரம்பித்தான். உழைத்தவளிடம் அவன் கேட்க வருவதே ஒரு மாற்றம்தான். கடைசியில் பத்து நிமிடம், புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு தாள்: உங்கள் வேலையைப் பற்றி மூன்று கேள்வி. டிபி அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான்.

1971இல் எலியட் அரான்சன் என்பவர் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக ஒன்றாக உட்காரத் தொடங்கி வகுப்பெல்லாம் சண்டையாக இருந்தபோது, பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவன் துண்டு இல்லாமல் மற்றவர்களால் பாடத்தை முடிக்க முடியாது. ஆங்கிலம் திணறும் பிள்ளையிடமும் மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டு வாங்கியாக வேண்டும். நம் தம்பிக்குக் கலர் பென்சிலைக் கொடுத்த கெத்துவாவுக்கு அந்த வகுப்பில் அந்த வசதி கிடைத்திருக்காது.

பலர் சொல்வார்கள், டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது, கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் யார் எந்த வரியை எப்போது தட்டினார்கள் என்று காட்டிவிடும் என்று. காட்டும். தட்டியவனை மட்டும் காட்டும். லயத்தில் போய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததை அது காட்டாது. போன் இல்லாத பிள்ளையைக் கணக்கிலேயே சேர்க்காது. அதனால் நான் அதை நம்பி மதிப்பெண் போடுவதில்லை. மூணு_பிள்ளைத்_தாய் சொன்ன உதிரிக் கணக்கு அதில் வராது.

பிள்ளை, நீ கேட்ட கேள்விக்கு: செகுவிடம் போ. "அவன் ஒன்றும் செய்யவில்லை" என்று ஆரம்பிக்காதே. ரெக்கார்டிங்கை எடுத்துக்கொண்டு போய், "செகு, இது முழுசா இருக்கு, கேக்கறீங்களா?" என்று கேள். வரலாறு ஆசிரியர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

நடுவர் (வியாழன், காலை 7:30)

அந்தப் பையன் யாரு, எந்தப் பள்ளி, எந்தத் தாமான்னு தனிச்செய்தியில துருவுறவங்களுக்கு: நிறுத்துங்க. அவனும் பள்ளிப் பிள்ளைதான். ரெண்டு பதிவ நீக்கியிருக்கேன்.

பால்மரத்துப்பொண்ணு (வெள்ளி, இரவு 9:25)

போனேன். டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன். ஆசிரியர் அறை வாசல் பெஞ்சுலயே உக்காந்து போன காதுல வச்சுக்கிட்டாரு. செகுவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும், தோட்டத்துப் பக்கம் வளந்தவரு. தாத்தா பேசுறப்ப நான் நடுவுல நடுவுல மலாய்ல சொன்னேன். கிழங்குக் கட்டம் வந்ததும் என்னய நிமுந்து பாத்தாரு. "இது அவன் தாத்தாவா?"ன்னு கேட்டாரு. "இல்ல செகு, எங்க லயத்துத் தாத்தா"ன்னேன். அவ்ளோதான் சொன்னேன்.

இன்னைக்கு வகுப்புல அஞ்சு குழுவுக்கும் ஆளுக்கொரு தாள் குடுத்தாரு. எங்களுக்கு வந்த கேள்விங்க: நீங்க பேட்டி கண்டவர் யாரு, அப்ப அவருக்கு என்ன வயசு, கேட்ல எதுக்கு சோதனை போட்டாங்க. மூணாவது கேள்வி புத்தகத்துலயே இருக்கு, 1950ல ஜெனரல் பிரிக்ஸ் கொண்டு வந்த திட்டம், காட்டுக்குள்ள உணவு போகாம தடுக்கறது. மொத ரெண்டும் புத்தகத்துல இல்ல. பிரெசன்ட் பண்ணவன் பேனாவ மூடி வச்சுட்டு ஜன்னல பாத்துக்கிட்டு இருந்தான்.

நீலக் கோட்டுக்காரன் மூணுக்கும் எழுதிட்டான்! புதன்கிழம நான் அவன்கிட்ட பேசினப்ப ரெக்கார்டிங் முழுக்க கேட்டுட்டுதான் போனான். அவங்க பாட்டியும் அதே மாதிரி சொல்வாங்களாம், அவங்க வீட்டுல அரிசிக்கு ரேஷன் அட்டை இருந்துச்சாம்.

டிபி இப்ப ஆளுக்கு ஆளு வேற வேற. யாருக்கு என்னன்னு எழுதல, நடுவர் திட்டுவாரு. அவன் சாரி கேக்கல. "சும்மா ஒரு ஃபீலிங்குக்குச் சொன்னேன், இதப் போயி பெருசு பண்ணிட்ட"ன்னு வேன் நிக்கற இடத்துல வந்து சொல்லிட்டுப் போனான். "கோள்மூட்டி"ன்னு பின்னாடி யாரோ கத்தினாங்க. கத்தட்டும்.

பதினேழு வெள்ளியில ரெண்டு பேரு பங்கு வந்துருச்சு. "நோட்டட் போஸ்" இன்னும் நோட்டட்லயே இருக்கான்.

பேர்_வேணாம் (வெள்ளி, இரவு 9:58)

நீலக் கோட்டுத் தம்பிக்கு என் சார்புல ஒரு தேத்தாரே டீ வாங்கிக் குடு. காசு நான் அனுப்புறேன்.

மூணு_பிள்ளைத்_தாய் (வெள்ளி, இரவு 10:20)

டீச்சர், நீங்க சொன்ன அந்த மூணு கேள்வித் தாளு, மூணு பேரு குழு, இதெல்லாம் ஒரு பக்கத்துல எழுதித் தர முடியுமா? எங்க பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல எழுந்து பேசப் போறேன். பிரிண்ட் செலவயும் சேத்துத்தான். கலர் வேணாம், கையில எழுதினாலே போதும்னு ஒரு வார்த்த பள்ளி சொன்னா எத்தன வீட்டுக்கு மிச்சம்.

டீச்சரம்மா (வெள்ளி, இரவு 10:41)

தருகிறேன் அம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள். ஆனால் பெரிய கூட்டத்தில் எழுந்து சொன்னால் ஆசிரியர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள், எனக்கும் அப்படித்தான் வரும். முதலில் அந்தப் பாட ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். பிரிண்ட் செலவை மட்டும் கூட்டத்தில் பேசுங்கள், அதை யாரும் எதிர்க்க முடியாது.

பிள்ளை, ரெக்கார்டிங் அம்மா போனில் மட்டும்தான் இருக்கிறதா?

பால்மரத்துப்பொண்ணு (வெள்ளி, இரவு 10:50)

டெலிமா டிரைவ்ல ஏத்திட்டேன் டீச்சர்.

டீச்சரம்மா (வெள்ளி, இரவு 10:55)

அது பள்ளிக் கணக்கு. உன் சொந்தக் கணக்கிலும் ஒரு படி வை. தாத்தாவின் பேர், பிறந்த ஆண்டு, தோட்டம், நீ பேசிய தேதி, எல்லாவற்றையும் ஆரம்பத்தில் உன் குரலிலேயே சொல்லிப் பதிவு செய். பிறகு கேட்பவர்களுக்கு அது இல்லாமல் பயன் இல்லை.

பழைய_கிராணி (சனி, காலை 6:40)

அவசரகாலம் 1960 ஜூலை 31இல்தான் முடிந்தது. பன்னிரண்டு வருடம். கேட்டில் நின்ற பிள்ளைகள் இன்றைக்கு எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். ஒரு தாத்தாவோடு நிறுத்தாதே. இந்த வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று இங்கேயே கேள், சொல்வார்கள்.

லிந்தாங்காரன் (சனி, காலை 9:12)

எங்க அப்பாயி இருக்காங்க. 1940ல பொறந்தவங்க. காது கேக்காது, பக்கத்துல போயி கத்திக் கேக்கணும், ஆனா ஞாபகம் கத்தி மாதிரி. ஞாயித்துக்கிழம வரதுன்னா மத்தியானத்துக்கு மேல வா, காலையில கோயிலுக்குப் போயிடுவாங்க. அந்த நீலக் கோட்டுத் தம்பியயும் கூட்டிக்கிட்டு வா. வெத்தல வாங்கிட்டு வந்தா நெறய பேசுவாங்க, பாக்கு வீட்டுலயே இருக்கு.